தானே இறங்கிய ஃபேடர்

"நிறுத்து வரதா! கைய எடு!"

ரூத் போட்ட சத்தத்தில், வீட்டு ஸ்டுடியோவில் மிக்ஸர் முன்னால் இருந்த வரதன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். பாட்டு பாதியில் நின்றது. மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் ஒன்றுகூட அசையவில்லை. ஒவ்வொன்றுக்கு மேலேயும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா? ஆம்புலன்சு திருக்கழுக்குன்றம் தாண்டிடுச்சாம். காப்பி எடுக்க வேணாவா?"

"ரைட் மோடுல வெச்சிகினு கீற. அவரு ஏத்தி எறக்கி வெச்சதெல்லாம் அழிஞ்சினு வருது."

வரதன் வெளிறிப்போனான். ரூத்தின் புருஷன் ஸ்டான்லியோடு நாலு வருஷமாக ஸ்பீக்கர் தூக்கியவன்தான். ஆனால் மிக்ஸரில் கை வைப்பது இதுதான் முதல்முறை. கொஞ்சம் சத்தம் கூட்டலாம் என்று எதையோ அமுக்கியிருக்கிறான். ரீட், அதாவது படிக்கும் மோடில் இருந்தால், ஸ்டான்லியின் விரல்கள் ஏற்றி இறக்கியபடியே ஃபேடர்கள் தாமாக நகரும். ரைட், அதாவது எழுதும் மோடில் விட்டால், பாட்டு ஓட ஓடப் பழையது போய், ஃபேடர் இப்போது நிற்கும் இடம்தான் பதியும். அந்தப் பழைய மிக்ஸரில் போனது போனதுதான். பத்து வருஷம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பாடியதில் ரூத்துக்கு இவ்வளவு தெரிந்திருந்தது.

ஸ்டான்லி நேற்று சாயங்காலம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்று நாலு மணிக்கு சர்ச்சில் அடக்க ஆராதனை. அவன் கடைசியாக மிக்ஸ் செய்த பாட்டு, ரூத் பாடியது, அங்கே ஒலிக்க வேண்டும். வேறு பிரதி கிடையாது.

"எவ்ளோ போச்சுக்கா?"

"மொத சரணம் மொத்தமும் போச்சு."

அவனை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது ரூத்துக்கு. ஒவ்வொரு சேனலாக ரீடுக்கு மாற்றினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

"எதையும் தொடாத. மூச்சுகூட மெதுவா வுடு."

பாட்டை முதலிலிருந்து போட்டு பென் டிரைவில் பதியவிட்டாள். முதல் சரணம் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடியது. கேட்கவே பேஜாராக இருந்தது. இரண்டாவது சரணம் தொடங்கியதும் ஃபேடர்கள் தாமாகவே நகர ஆரம்பித்தன. மிச்சம் தப்பித்துவிட்டது.

இந்தச் சரணத்தைப் பாடும்போதுதான் அன்று அவளுக்குக் குரல் உடைந்தது. ஸ்டான்லிக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன வாரம் அது. அவனிடம் அல்சர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவனுக்குத் தெரியவே கூடாது என்று அவனுடைய அக்கா ஜெசிந்தா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். தேம்பலை இருமலாக்கி, "சளி. இன்னொரு தபா பாடறேன்" என்றாள் ரூத். "வேணாம், நல்லாதான் கீது" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

அவள் தேம்பிய அந்த வரி இப்போது வந்தது. ரூத்தின் குரலுக்கான ஃபேடர் மெல்லக் கீழே இறங்கியது. அதே நேரம் கீபோர்டு மேலே ஏறியது. தேம்பல் இசைக்குள் அமுங்கிப்போனது. அடுத்த சொல்லுக்கு இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பின.

அந்த ஒரு நொடியை அவன் எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பான்! அது இருமல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எதற்கு அழுதாள் என்பதும்.

"அங்க மட்டும் உங்க வாய்ஸு கம்மியா கீதுக்கா. ஏத்திடவா?"

"வேணாம்."

பாட்டு முடிந்து பிரதி பதிவானபோது போன் அடித்தது. ஆம்புலன்சிலிருந்து ஜெசிந்தா.

"ரூத்து, தெருவுக்குள்ள வந்துட்டோம்டி." அழுகைக்கு நடுவே சொன்னாள். "ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு. கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாது, இல்ல?"

ரூத் தன் குரலுக்கான ஃபேடரை ஒருமுறை விரலால் தொட்டாள்.

"தெரியாது அண்ணி" என்றாள். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

வரதன் பென் டிரைவை உருவிக் கொடுத்தான். அதை இடுப்பில் செருகிக்கொண்டு ரூத் கதவைத் திறந்தாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக இழுத்து ஆம்புலன்சுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள்.