எந்தப் பொரி?

வண்டிப்பெரியார் பாலத்தைத் தாண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாண்டித்துரையின் கணக்குப்படி உலகத்தில் ரெண்டே வகை ஆட்கள்தான். வண்டியைச் சரியாக்குகிறவர்கள், வண்டியை நாசமாக்குகிறவர்கள். முதல் வகையில் இதுவரை அவன் ஒருத்தன்தான் தேறியிருந்தான்.

அன்று காலை ரிசார்ட்டின் வெள்ளைக் கார் குலுங்கிக் குலுங்கி வாசலுக்கு வந்து நின்றது. இறங்கியவள் ரோசி என்று பார்த்ததும் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். பொம்பளை ஓட்டும் வண்டி பழுதாகி வந்தால் அவனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

"மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. இன்ஜின் லைட்டும் விட்டு விட்டு எரியுது."

"மிஸ்ஸிங்காம்ல! யாரு சொல்லிக் குடுத்தா? நீ ஸ்டீயரிங்கப் பிடிச்சாப் போதும் தாயி. சீக்குக்குப் பேரு நான் வச்சுக்கிடுதேன்."

ரோசிக்கு அவனுடைய வாய்ச்சொல் தேவைப்பட்டது. முந்தின நாள் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போகையில் வண்டி குட்டிக்கானம் ஏற்றத்தில் நின்றுபோய்விட்டது. ரிசார்ட் மேனேஜர் டிஜோ வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட்டான்: ஓட்டின விதத்தில்தான் கோளாறு என்று மெக்கானிக் சொன்னால், இனிமேல் வண்டி இன்னொரு டிரைவர் பெர்சிக்கு. தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து, லைசென்ஸ் எடுத்து, அப்பாடா என்று வெளியே வந்தவள் அவள். இந்த வேலை போனால் மறுபடி கொழுந்து கிள்ளத்தான் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து டிஜோ போனில் வந்தான். பாண்டித்துரை பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னா பாண்டித்துரை, டிரைவரோட தப்பாணோ?"

"வேற என்ன சாரே? ஓட்டுற லட்சணந்தான். கிளட்ச்சுல கால வச்சமானிக்கே மலையேறுனா எந்த இன்ஜின் தாங்கும்?"

"அப்போ பெர்சியை அனுப்புறேன். சாவியை அவன்கிட்ட கொடுத்துடச் சொல்லு."

ரோசியின் முகம் செத்துப்போயிற்று. கிளட்சுக்கும் இந்த நடுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பாண்டித்துரைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் என்ன? பேசிப் பழகிய வாய், பேசிவிட்டது.

அப்புறம்தான் பானெட்டைத் திறந்தான். வேலையில் அவன் கெட்டிக்காரன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் ஊர் அவனுடைய வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தது. மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, நாலு சிலிண்டருக்கும் மேலே இருக்கிற, ஸ்பார்க் கொடுக்கும் காயில்களின் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். முதலாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் தள்ளாடியது. ரெண்டாவதற்கும் தள்ளாடியது. மூன்றாவதைப் பிடுங்கினான், ஒரு மாற்றமும் இல்லை.

"மூணாவது சிலிண்டர் படுத்துட்டு. இதையும் நீயே கண்டுபிடிச்சிருப்பியே தாயி?"

மூன்றாவது காயிலைக் கழற்றி ரெண்டாவதில் போட்டான். அங்கே அது நன்றாகவே வேலை செய்தது. பிளக்கும் புதுசு. அப்படியென்றால் கோளாறு ஒயரில். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒயர் போன வழியே இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டவன், திடீரென்று ஓவென்று சிரித்தான்.

"ஏய் சின்னமுத்து! எல்லாரும் வாங்கப்பா, வந்து பாருங்க! மகராசி வண்டிக்குள்ள எலிக்குச் சத்திரம் நடத்துதா!"

பக்கத்து டீக்கடைச் சின்னமுத்துவும், டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கிளாசோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒயர் கடிபட்டுச் செம்பு தெரிந்தது. அதன் கீழே எலிப்புழுக்கை, பஞ்சு, பொட்டுக்கடலைத் துணுக்கு, கைப்பிடி பொரி.

"வண்டிக்குள்ள திங்காதீங்க, திங்காதீங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன். கேக்குதுகளா? தின்னு தின்னு இறைச்சா எலி வராம ஏரோப்பிளேனா வரும்?"

ரோசி குனிந்து பார்த்தாள். பொரிக்கு நடுவில் காய்ந்த செவ்வந்தி இதழ்கள் கிடந்தன.

"பானெட்டுக்குள்ள உக்காந்தா நான் திங்குறேன்?" என்றாள். குரல் உயரவில்லை. "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கண்ணே. வண்டிக்குப் பொரி போடுற வழக்கம் எங்களுக்கு இல்ல. ஆயுத பூசையன்னைக்கு ஆயில் மாத்த வண்டி இங்கதான் நின்னுச்சு."

சின்னமுத்து டீயை உறிஞ்சினார். "அன்னைக்கு ஒவ்வொரு வண்டியா பானெட்டத் தூக்கி, கை நெறைய அள்ளிப் போட்டியேப்பா. நான்கூட எதுக்குடா இவ்வளவுன்னு கேட்டேன்."

பாண்டித்துரை ஒயரை வெட்டினான், இணைத்தான், பற்றவைத்து உறை போட்டான். இன்ஜின் நாலு சிலிண்டரிலும் ஒரே சீராக ஓடியது. ஒருத்தரும் நகரவில்லை. எவனெவனையோ எதற்கெதற்கோ ஏசின வாய் இப்போது என்ன சொல்லப்போகிறது என்று பார்க்காமல் அவர்கள் எப்படிப் போவார்கள்?

பெர்சி ஆட்டோவில் வந்து இறங்கி, சாவிக்குக் கையை நீட்டினான். ரோசி சாவியைக் கொடுக்கவில்லை. "மொதல்ல சார்ட்ட பேசுங்கண்ணே. அப்பப் போட்ட மாதிரியே ஸ்பீக்கர்ல போடுங்க."

வேறு வழியில்லாமல் போட்டான். ஆயுசு முழுக்க ஸ்பார்க் என்றே சொல்லிவந்தவனுக்கு அந்த நிமிஷம் சுத்தத் தமிழ் வந்துவிட்டது.

"சாரே, பொறியிலதான் கோளாறு."

"ஸ்பார்க்குதானே? அப்போ ரோசி ஓட்டி ஓட்டி..."

"ஆமா சாரே, பொறிதான்" என்று அவசரமாக முடிக்கப் பார்த்தான். பொய் சொல்லாமலே தப்பித்துவிட்டோம் என்று அவன் முகத்தில் லேசாக வெளிச்சம்கூட வந்தது. என்ன பிறவியோ!

ரோசி போன் பக்கமாகக் குனிந்தாள்.

"எந்தப் பொரின்னு சொல்லுங்கண்ணே."

டீக்கடைக்காரர் உறிஞ்சுவதை நிறுத்தினார். பாண்டித்துரை சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். அவனே கூப்பிட்டுச் சேர்த்த கூட்டம்.

"திங்கிற பொரி, சாரே. பூசைக்கு நான் போட்டது. எலி வந்து ஒயரக் கடிச்சிருச்சு. ரோசி ஓட்டுனதுல தப்பில்ல."

டிஜோ சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரையே உடைத்துவிடும் போலிருந்தது. "பெர்சியைத் திருப்பி அனுப்பு. வண்டி ரோசிதான் ஓட்டும்."

பாண்டித்துரை மேல்மூடியை எடுத்து மாட்டப் போனான்.

"இருங்கண்ணே" என்று ரோசி டார்ச்சை வாங்கி அடித்தாள். "அந்த மூலையில இன்னும் கிடக்கு. பொறுக்கிடுங்க."

அத்தனை பேர் பார்க்க அவன் குனிந்து, ஒவ்வொரு பொரியாகப் பொறுக்கினான்.