சுவருக்கு அந்தப் பக்கம்

அணைக்கட்டின் வயிற்றுக்குள் ஒரு சுரங்கப்பாதை இருந்தது. தினமும் காலையில் அதில் இறங்கி, சுவரிலிருந்து எவ்வளவு தண்ணீர் கசிகிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. பதினோரு வருடமாக அதே வேலை என்பதால் ஊரே அவரைக் கசிவுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. முடிவெட்டப் போனால், "கசிவுக்காரர் வந்திருக்கார், முதல்ல தலையைத் துவட்டி விடுப்பா" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

கசியாத அணை உலகத்தில் கிடையாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அந்த மழைக்காலத்தில் அவருக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது. தெருமுனையில், மருந்துக்கடையைத் தாண்டி, தண்ணீர் ஒரு சுவராக எழுந்து நிற்கும். சத்தமும் போடாது, சரிந்தும் விழாது. அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். அவ்வளவுதான் கனவு. கண் விழித்தால் பனியன் தொப்பலாக நனைந்திருக்கும்.

பாத்திரங்களையும் துணிமணிகளையும் மொட்டைமாடி அறைக்கு ஏற்றினார். ஒன்பது வயது மகளை, ஒரே நிமிடத்தில் மாடி ஏறப் பழக்கினார். அவள் விளையாட்டு என்று நினைத்துக் குதித்து ஓடினாள். கணக்கு டீச்சரான அவர் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு நாள் சாப்பாட்டு நேரம் வரைக்கும்.

"பாப்பா ஸ்கூல்ல கீழ்த்தளத்து வகுப்புல உக்கார மாட்டேங்கிறா. தண்ணி வந்துருமாம். யாரு சொன்னது?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான்."

"கசிவு கூடியிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னங்க?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த நம்பரை என்னால நம்ப முடியல."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

நீர்மட்டம் விளிம்பைத் தொட்ட அன்று, நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் என்று அளந்தார். பதிவேட்டில் நானூறு என்று எழுதினார். கை எழுதியதை வேறு யாரோ எழுதியதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே போய் இன்ஜினியர் மேடத்திடம் நீட்டினார்.

அரை மணி நேரத்தில் சங்கு அலறியது. ஊர் மொத்தமும் குன்றின் மேல் ஏறியது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் ஓடிவந்தார். பழக்கடைக்காரரின் அம்மா சரிவில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்க, கசிவுக்காரர் பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

"மேடம் எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மதகைத் திறக்கச் சொல்லிட்டு, தானே பார்க்கிறேன்னு சுரங்கத்துக்குள்ள இறங்கிட்டாங்க" என்றார் அணைக் காவலாளி.

கசிவுக்காரர் கீழே அணையைத் திரும்பிப் பார்த்தார். தான் எழுதியது நிஜமாக இருந்திருந்தால் மேடம் உயிரோடு திரும்ப முடியாது. அது தெரிந்தேதான் உள்ளே போயிருக்கிறார். இவர் எழுதியதை நம்பிப் போயிருக்கிறார். ஊர் ஏறிய வழியில் கசிவுக்காரர் மட்டும் இறங்கி ஓடினார். மகளைக் காவலாளியின் மனைவியிடம் விட்டுவிட்டு, அவர் மனைவியும் பின்னாலேயே ஓடினாள்.

சுரங்கத்தின் கடைசியில் இன்ஜினியர் டார்ச்சோடு மண்டியிட்டிருந்தார். "நாலு தடவை அளந்துட்டேன். நாப்பதுதான் வருது."

"நாப்பதுதான் மேடம். நான் பொய் எழுதினேன்." சொல்லிவிட்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் ஐந்தாவது தடவையாக அளந்து பார்த்தார். அதற்குள் மேலே மதகுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. சுரங்கம் முழுக்க ஒரு முழக்கம் பரவியது. காதுக்குள் நுழையுமுன் எலும்புக்குள் நுழைகிற முழக்கம்.

அவர் மனைவி மெல்லப் போய், சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

"இதுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி இருக்கு?"

"நம்ம தலைக்கு மேல நாப்பது ஆள் உயரம்."

"இதைத் தொட்டுட்டுத்தானா தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்க?" கையை எடுக்காமலேயே கேட்டாள். "நான் என்னமோ இல்லாத ஒண்ணைப் பார்த்துப் பயப்படுறீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவர் எழுந்து, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். அத்தனை வருடமும் அவர் அந்தச் சுவரின் கசிவைத்தான் பார்த்திருந்தார். அவ்வளவு பெரிய தண்ணீரை அசையாமல் தாங்கிக்கொண்டு அது நிற்பதை அன்றுதான் பார்த்தார். இன்ஜினியரும் டார்ச்சை அணைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார்.

வெளியே வந்தபோது மதகுகளிலிருந்து வெள்ளை வெளேரென்று தண்ணீர் மலைமலையாக விழுந்துகொண்டிருந்தது. சாரலில் மூவரும் நனைந்தார்கள். ஒதுங்கி நிற்க யாருக்கும் தோன்றவில்லை.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பழக்கடைக்காரர் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனைவிதான் அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"கனவுல வர்ற தண்ணி எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டார் டாக்டர்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, கையை எட்டுமட்டும் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் உயரம் டாக்டர்" என்றாள் மனைவி, அந்தச் சுவரைத் தொட்ட கையைத் தூக்கி.