அருவிப் பக்கத்து ஜன்னல்

ரொட்டி கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போது ஊரே குளித்துத் தலைசீவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். இவள் முடியில் மாவும் முழங்காலில் வலியுமாக அந்தக் கூட்டத்துக்கு எதிரே நடந்து வருவாள். அவள் புருஷன் ஒரு கிடங்கில் ராத்திரி வாட்ச்மேன். அவர் முன்னாலேயே வந்து, சாப்பிட்டு, குறட்டையில் இருப்பார். சாயந்திரம் இவள் கண் விழிப்பதற்குள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கியிருப்பார். ஒருவருக்கொருவர் பேச வேண்டியதை மகளிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். மாடியிலிருக்கும் வீட்டுக்காரர் இவர்களுக்கு ஆந்தைக் குடும்பம் என்று பெயர் வைத்திருந்தார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், வாடகை கொடுக்கிற ஆந்தைகள்தானே.

அவள் பாக்கெட் போடும் ரொட்டியின் உறையில் ஒரு படம் உண்டு. மலைச்சரிவில் வளைந்து போகும் ரயில், இடது பக்கம் அருவி, மேலே மேகம். ராத்திரி பூராவும் பெல்ட்டில் அந்த ரயில் அவள் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நிதானமாகப் பார்க்க முடியாது. பார்த்தால் அடுத்த ரொட்டி உறையில்லாமல் போய்விடும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். அந்த மலையை ஒரே ஒரு தடவை, அவசரமில்லாமல், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் மகளின் படிப்பு தின்றுவிட்டது.

இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த வருஷம் எப்படியோ கிடைத்தது. அந்த மலை வழியாகப் போகும் ரயிலுக்கு டிக்கெட்டை நானே போடுகிறேன் என்று அவள் புருஷன் மகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று அவருக்கு வார விடுமுறை. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"போட்டாச்சு! பாதி விலை!"

"பாதி விலையா? நின்னுக்கிட்டே போகணுமா?"

"உட்கார்ந்துதான். ராத்திரி வண்டி. விடியறதுக்குள்ள மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கி விட்டுடும். அங்க எங்க அக்கா வீடு இருக்கு, ரூம் செலவு கிடையாது. திரும்பறதும் அதே மாதிரி ராத்திரி வண்டிதான்."

"உங்க அக்கா வீட்டுல பேச்சு வாங்கறது ஒண்ணுதான் செலவு."

"கேளு. பகல் வண்டின்னா ஏறின உடனே நாம ரெண்டு பேரும் தூங்கி விழுந்துடுவோம். காசு கொடுத்துத் தூங்கவா போறோம்? அதான் நாம முழிச்சிருக்கற நேரமாப் பார்த்துப் போட்டேன். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு கேட்டான். அதுல மட்டும் நான் கஞ்சத்தனம் பண்ணல. இடது பக்கம். உன் அருவிப் பக்கம்!"

அவளுக்கு அசதியிலும் சிரிப்பு வந்தது. "உங்களுக்கும் மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சீப்பைக் கையில் வைத்தபடியே திரும்பினாள்.

"அப்பா, ராத்திரியில மலை எப்படித் தெரியும்?"

அவர் போனைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள்.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ரொட்டி கம்பெனியில் ராத்திரி முழுக்கக் கண்ணைக் குத்தும் டியூப் லைட். கிடங்கில் நாலு மூலைக்கும் கம்பத்து விளக்கு. ராத்திரி என்றால் எல்லாம் பளிச்சென்று தெரியும் நேரம், பகல் என்றால் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு இருட்டாக்கிக்கொள்ளும் நேரம். இத்தனை வருஷத்தில் அது அப்படியே ஊறிப்போயிருந்தது. மலைக்கு யாரும் விளக்குப் போட்டு வைக்க மாட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"மாத்த முடியாதாப்பா?"

"மாத்த முடியாது, காசும் திரும்பாதுன்னு போட்டிருந்துச்சு." அவர் குரல் இறங்கிப்போயிற்று. "அதனாலதான் பாதி விலை."

"அருவிப் பக்கம் வேற" என்று சிரிக்கத் தொடங்கிய மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் சாப்பிடவில்லை. கைகால் கழுவி, திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவரைத் திட்டலாம். ஆனால் அவள்தானே மூளையைப் பாராட்டினாள். திட்டவும் தெம்பு வேண்டும். கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவரும் வந்து பக்கத்தில் படுத்தார்.

"அழாதடி. ராத்திரியில பார்க்கறதுதானே என் வேலையே. கொஞ்ச நேரம் போனா கண்ணு பழகிடும். நான் காட்டறேன்."

"சும்மா இருங்க. வண்டிக்குள்ள லைட் எரியும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஜன்னல் கண்ணாடியில நம்ம ரெண்டு மூஞ்சிதான் தெரியும்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

"அதைத்தான் பார்த்து எத்தனை நாளாச்சு" என்றார் அவர்.

அவள் திரும்பிப் படுத்தாள். திரை சரியாக மூடாத இடத்தில் கொஞ்சம் வெயில் வந்து அவர் முகத்தில் விழுந்திருந்தது. கண்களைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? மாடி வீட்டுக்காரர் பார்த்திருப்பார், கிடங்குக்கு வந்துபோகும் லாரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. மலை போனதைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி மீசைக்குக் கொஞ்சம் மை அடிச்சுக்குங்க" என்றாள். "போகும்போதும் வரும்போதும் அதைத்தானே பார்த்துக்கிட்டு வரணும்."