மழையை வெளியே விடாத ஊர்

கதவைச் சாத்த முடியவில்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. முந்தின நாள் வரை ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும் கதவு, அன்று காலை தோளைக் கொடுத்துத் தள்ளியும் நிலைக்குள் போகவில்லை. மழையில் ஊறிப்போயிருக்கும் என்றார் ஜீவன். என் புருஷனிடம் எதற்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். கதவு தகரம், அதில் ஊறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பொது அடுப்படிக்கு அரிசி வாங்கப் பசறைக்குப் போவது அந்த வாரம் அவர் முறை.

"பஸ் இல்லன்னா வராதீங்க. ஒங்க தங்கச்சி வீட்டுல நின்னுருங்க" என்றேன்.

"சரி, சரி. நீ கதவோட சண்ட போடாத."

மடுல்சீமைக்கு மேலே, தேயிலைத் தோட்டக்காரர்கள் எப்போதோ கைவிட்ட மலைத்துண்டு ஒன்றில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தோம். பாதிப்பேர் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். மீதிப்பேர் பதுளையிலும் பண்டாரவளையிலும் வீடு வாசலை விட்டு வந்தவர்கள். மண்ணைக் கெடுக்காமல் வாழ வேண்டும் என்று சேர்ந்தவர்கள் என்பதால் எங்களுக்கு விதிகளுக்குக் குறைவில்லை. களைக்கு மருந்து அடிக்கக் கூடாது. பச்சை மரத்தை வெட்டக் கூடாது. எந்த முடிவையும் எல்லாரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் காரியம் நின்றுவிடும். இவற்றுக்கெல்லாம் மேலான விதி மழையைப் பற்றியது. எங்கள் மண்ணில் விழுந்த மழை எங்கள் மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும், ஒரு சொட்டுக்கூட ஆற்றுக்கு ஓடக் கூடாது.

அதற்காக, மழைத்தண்ணீரை வடியவிட வெள்ளைக்காரன் காலத்தில் மலை நெடுக வெட்டிய கான்களை எல்லாம் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தோம். வீடுகளுக்கு மேலே கரை கட்டி ஒரு குளம் எடுத்தோம். குளம் வந்த பிறகு பங்குனி வெயிலிலும் ஊற்று வற்றவில்லை. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

கதவை விட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போனேன். பீட்ரூட் பாத்திக்குக் குறுக்கே நிலம் வெடித்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. வெடிப்பு எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, கூட்ட மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் வளைந்து வளைந்து போயிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடியது. குளத்துக் கரையை வெட்டித் தண்ணீரை வெளியே விடவேண்டும், கான்களைத் திறக்கவேண்டும் என்று சொன்னேன். கூட்டம் நடத்துகிற றில்வான் நானா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். பாக்கியம் அக்கா மட்டும் ஆட்டவில்லை.

"வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து கொடம் தூக்குனவ நான். உச்சந்தல தேஞ்சே போச்சு. மழ நாளைக்கு வெறிச்சுரும். வெட்டி விட்ட தண்ணி திரும்பி வருமா? எனக்குச் சம்மதமில்ல."

"ஒருத்தருக்கு விருப்பமில்லாட்டி நாங்க செய்ய ஏலாது, தங்கச்சி. பின்னேரம் திரும்பப் பேசுவோம்" என்றார் றில்வான் நானா.

பின்னேரமாம்! மலை பின்னேரம் வரை பொறுத்திருக்கும் என்று இவருக்கு யார் வந்து சொன்னது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஏறினேன். விதியாவது ஒன்றாவது.

பாக்கியம் அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். பொலித்தீன் உறையைத் தலையில் போர்த்திக்கொண்டு கரையின் நடுவில், வெட்டவேண்டிய இடமாகப் பார்த்துச் சப்பணம் கூட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீ வருவேன்னு தெரியும்டி. வெட்டு. என் கால வெட்டிட்டு அப்பறம் கரைய வெட்டு."

"அக்கா, பின்னுக்கு மண்ணு வெடிச்சுக் கெடக்கு. போய்ப் பாத்தீங்களா?"

"மண்ணுன்னா வெடிக்கத்தான் செய்யும்."

நான் மம்பட்டியை ஓங்கவே செய்தேன். அவள் அசையவில்லை. ஆனால் அவள் கண் என் மேல் இல்லை. எனக்குப் பின்னால், தண்ணீரில் நட்டிருந்த அளவுக்கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு நாளாக விடாத மழை. குளம் கரை முட்ட நின்றிருக்க வேண்டும். தண்ணீரோ முழங்கால் அளவு கீழே கிடந்தது. கம்பில் பழைய தண்ணீர் மட்டத்தின் சேறு ஈரமாகத் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மேலே இருந்து மழை கொட்டுகிறது, குளம் குறைகிறது.

அக்கா எழுந்து கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடிப் பார்த்தாள். "எங்கயும் ஒடையலயே. தண்ணி எங்கடி போவுது?"

எங்கே போகும்? நாங்கள் ஆசைப்பட்ட இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மலைக்குள். இனிக் கரையை வெட்டி ஒரு பிரயோசனமும் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. அப்போது காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் கல்லோடு கல் அரைபடுகிற சத்தம் கேட்டது. காதால் கேட்டது மாதிரி இல்லை, உள்ளங்காலால் கேட்டது. அந்தப் பயத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த மம்பட்டி எப்போது விழுந்தது என்றே தெரியாமல் நின்றேன்.

"ஓடுடி" என்றாள் அக்கா.

இறங்கி ஓடினோம். வீட்டுக்கு வீடு, "வெளிய வாங்க! மல வருது! ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினேன். நாங்கள் வந்த கோலத்தைப் பார்த்ததும் றில்வான் நானா, ஆபத்து என்றால் செய்ய வேண்டியதைச் செய்தார். மண்டப வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக்கம்பியால் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு வரவேண்டும். வந்தார்கள். ஆற்றுப் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். அந்த வெடிப்புக்கு நேர் கீழே, வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ஒக்காருங்க தங்கச்சி. பதறாம, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் றில்வான் நானா.

நான் சொன்னேன். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொன்னேன். ஒருவர் குளம் எவ்வளவு இறங்கியது என்று கேட்டார். இன்னொருவர், போவதானால் சாமான்களை என்ன செய்வது என்று கேட்டார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்பதால் எல்லாரும் மரியாதையாகத் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சுவரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. இந்த நல்ல மனிதர்கள் எல்லாரும் இப்படியே முறையாகப் பேசிக்கொண்டே சாகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பாக்கியம் அக்கா தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. நேராக வட்டத்துக்குள் போனாள். றில்வான் நானாவின் மனைவி அஸ்னாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி ஆற்றைப் பார்த்து நடந்தாள்.

"எண்ட புள்ள! எண்ட புள்ளய எங்க கொண்டு போறீங்க?" அஸ்னா அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் றில்வான் நானா ஓடினார். அதற்குப் பிறகு உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. மரப்பாலத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடந்தோம். அந்தப் பக்கம் பாறை மேட்டில், முன்பு தேயிலைக் கொழுந்தை எடைபோட்ட பழைய மடுவக் கொட்டகை பாதிக் கூரையோடு நிற்கிறது. அதற்குள் ஒண்டிக்கொண்டோம். பனிமூட்டம் இறங்கி எதிர்க்கரை தெரியாமல் போயிற்று. றில்வான் நானா ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள்.

"ஜீவன் எங்க?"

"அவரு பசறையில. பஸ்ஸு ஓடாது, தங்கச்சி வீட்டுலதான் நிப்பாரு" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயம் முழுவதும் இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அக்காகூடச் சிரித்தாள். அஸ்னா பிள்ளையை முத்தமிட்டுக்கொண்டே அக்காவைத் திட்டினாள்.

அப்போது எதிர்க்கரையில் யாரோ மண்டபத்துத் தண்டவாளத்தை அடிக்கிற சத்தம் கேட்டது.

எல்லாரும் இங்கே இருக்கிறோம். இல்லாதது ஒரே ஒரு ஆள். பஸ் இல்லாமல், ஆற்றைத் தொடாத மேட்டுப் பாதையில் நடந்து வந்திருப்பார், மழையில் நான் தனியாகப் பயந்துகொண்டிருப்பேன் என்று நினைத்து வந்திருப்பார். வந்து பார்த்தால் வீடுகள் திறந்து கிடக்கின்றன, அடுப்பில் உலை கொதிக்கிறது, ஒரு ஆளைக் காணவில்லை. வேறு என்ன செய்வார்?

"ஜீவன்! வெளிய வாங்க! ஜீவன்!" எல்லாரும் சேர்ந்து கத்தினோம். மழையும் ஆறும் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கின. றில்வான் நானா பாலத்துக்கு ஓடினார். பாலம் இல்லை. இந்தக் கரையில் வெறும் கல்தான் இருந்தது. நான் ஆற்றில் இறங்கப் போனேன். பாக்கியம் அக்கா பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். கடித்தேன், அவள் விடவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க அக்கா! யாராவது நிறுத்தச் சொல்லுங்க!"

அவர் எப்படி நிறுத்துவார்? கடைசி ஆள் மண்டபத்துக்கு வந்து சேரும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றல்லவா நாங்கள் பேசி முடிவு செய்திருந்தோம். ஜீவன் எல்லா விதியையும் மதிப்பவர். ஒரே சீராக, நிதானமாக, கை ஓயாமல் அடித்தார். நான் வருவேன் என்று நினைத்து அடித்தார்.

பிறகு மலை இறங்கியது. வெகுநேரம் இறங்கியது. அது ஓய்ந்த பிறகும் நாங்கள் எல்லாரும் அந்தத் தண்டவாளச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றோம். அக்கா என் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.