மறுபாதி சொல்ல ஆள்

ஞானதாஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "செல்வி, சனத்தக் கூப்புடு. செபமால காதுல விழுந்துக்கிட்டே போயிரணும்."

நியாயமான ஆசைதானே! தாடிக்கொம்பு ரோட்டில் அவர்கள் தெருக் குடும்பங்கள் செபத்துக்கென்று சேர்ந்த அன்பியத்தில், யார் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் முதல் ஆளாகப் போய்க் கட்டிலோரம் முழங்கால் போட்டவர் அவர். செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியைக் கூட்டம் சொல்லும். அதில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும்.

மரியசெல்வியால் புருசனை விட்டு எழ முடியவில்லை. கையை அப்படிப் பிடித்திருந்தார். மறுகையால் போனை எடுத்து அன்பியம் குரூப்பில் பேசிப் போட்டாள். "இவருக்கு ரொம்ப முடியலப்பா. செபமால சொல்ல எல்லாரும் வாங்க."

போட்ட வேகத்தில் பதில் வந்து விழுந்தது. ஆமென். ஆமென். கும்பிடும் கை. தெருமுனை வீட்டு ஜெரோம், அன்பியத் தலைவர், "இயேசு தொடுவார், ஆமென்" என்று பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து அனுப்பியிருந்தார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்பியக் கூட்டத்தில் இன்னார் வீட்டில் செபம் என்று சொன்னால் ஆமென் என்பார்கள், அப்படிச் சொன்னவர்கள் வந்து நிற்பார்கள். அவள் அறிந்த ஆமென் அதுதான். "வாராகங்க, எல்லாரும் வாராக" என்று அவர் காதில் சொன்னாள். அவர் கண் வாசல் பக்கம் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிச்சோறு தின்றுவிட்டு அத்தனை பேரும் வீட்டில்தான் கிடந்தார்கள். ஒரு செருப்புச் சத்தம் கேட்க வேண்டுமே! போன் மட்டும் டிங் டிங்கென்று ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளே ஆரம்பித்தாள். முன்பாதியைச் சொன்னாள், மறுபாதியையும் அவளே சொன்னாள். 'இறப்பின் வேளையிலும்' என்கிற இடத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். ஞானதாஸின் உதடு அசைந்தது. மிச்சத்தைத் தானே சொல்லப் பார்த்தார், பாவி மனுசன். முடிக்குமுன்னே கை தளர்ந்துவிட்டது.

சாயங்காலம் தெருவே திரண்டு வந்தது. ஜெரோம் கட்டிலோரம் முழங்கால் போட்டார்.

"மத்தியானம் எங்கப்பு போனீக?" என்றாள் மரியசெல்வி.

ஜெரோம் நிசமாகவே திகைத்தார். "நான் அப்பவே செபிச்சிட்டேனேக்கா. குரூப்ல பாக்கலையா?"

அவர் முன்பாதியைத் தொடங்க, கூட்டம் மறுபாதியைக் கணீரென்று சொன்னது. மரியசெல்வி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இதையும் குரூப்லயே போட்டுருங்கப்பு. அவருக்கு இனி எதுல சொன்னாலும் ஒண்ணுதான்."