மாஸ்டர் பேரில் ஒன்பது புள்ளி

இருபத்துமூன்று வருடத்தில் ஒரு அபராதச் சீட்டு கூட வாங்காதவர் என்ற செய்தி மாஸ்டரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ‘நிதானம்’ ஓட்டுநர் பள்ளியின் வாசலில் அது பலகையாகத் தொங்கியது. பயிற்சிக் காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட, இரண்டே திருப்பத்தில் பேச்சைத் தன் லைசென்ஸில் கொண்டுவந்து நிறுத்துகிற சாமர்த்தியம் மாஸ்டருக்கு உண்டு.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் காரைத் தொடவே விடமாட்டார். உபதேசம் நடக்கும். “வாரம் ஒரு தடவை கம்ப்யூட்டர்ல உங்க வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. கேமரா எங்க ஒளிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியாது. சீட்டு விழுந்திருந்தா உடனே தீர்த்துடணும். நான் பாக்கறதில்ல. எனக்கு அவசியமில்ல.” கடைசி வாக்கியத்துக்கு முன் லேசாக ஒரு கனைப்பு வரும். உபதேசத்தின் முடிவில் ஒரு நகைச்சுவையும் உண்டு. “இத்தனை வருஷத்துல நான் தோத்தது ஒரே ஒரு ஆள்கிட்டதான். என் வீட்டுக்காரிகிட்ட. அவளுக்கு மட்டும் ஸ்டியரிங் வரல.” எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்க நாளாகும்.

அப்படிப்பட்டவர், பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்கச் செவ்வாய்க்கிழமை காலை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமையோடு கெடு. மூன்றாம் எண் கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிளார்க், விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு விசைப்பலகையைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு மாஸ்டரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

“புதுப்பிக்க முடியாது சார். உங்க பேர்ல ஒன்பது புள்ளி இருக்கு. பயிற்சியாளருக்கு ஆறு வரைக்கும்தான்.”

“என்ன புள்ளி?”

“குற்றப் புள்ளி. மூணு சீட்டு, ஒவ்வொண்ணுக்கும் மூணு.”

மாஸ்டருக்குச் சிரிப்புதான் வந்தது. “தம்பி, வேற யாரோட ஃபைலையோ திறந்துட்டீங்க. இந்த ஊர்ல நான் யாருன்னு...”

“வாசல்ல பலகை வெச்சிருக்கீங்களே, அவர்தானே? தெரியும் சார். என் மச்சான் உங்ககிட்டதான் கத்துக்கிட்டான். பலகையைக் கழட்டிடுங்க.”

கிளார்க் திரையைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பினார். கேமரா எடுத்த முதல் படம். அதிவேகம். காரை மாஸ்டர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, ஒரு சுற்று போய், துடைத்து, திரும்ப ஷெட்டில் விடுகிற அவருடைய சொந்தக் கார். அது ஒரு புதன்கிழமை மத்தியானத்தில் பாலத்தின் மேல் பறந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தலைமுடியைச் சரிசெய்தபடி, ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி.

“அடுத்தது,” என்றார் மாஸ்டர்.

இரண்டாவதில் சிவப்பு விளக்கு. ஓட்டுவது அவளேதான்.

மூன்றாவது, வளைவில் முந்தியது. அதில் பக்கத்து இருக்கையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய் நிறைய எதையோ மென்றபடி, மாஸ்டரின் சொந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். போன மாதம்தான், “நம்ம குடும்பத்துக்கே நீதான்டா கௌரவம்” என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போன அதே அக்கா.

“இது நான் இல்ல,” என்றார் மாஸ்டர்.

“நீங்க இல்லன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும் சார். ஆனா ‘யார் ஓட்டினது’ன்னு கேட்டு வீட்டுக்கு ஃபாரம் அனுப்பினோம். மூணு தடவையும் ‘நான்தான்’னு எழுதி, உங்க லைசென்ஸ் நம்பர் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கீங்க. ஒத்துக்கிட்ட பிறகு நாங்க படத்தை எதுக்குப் பாக்கறோம்?”

“அது என் கையெழுத்து இல்லய்யா! திருட்டுக் கையெழுத்து!”

கிளார்க் அலட்டிக்கொள்ளவில்லை. பழைய ஃபைலைத் திறந்து, ஃபாரத்தின் பக்கத்தில் வைத்தார். எட்டு வருடத்துப் புதுப்பிப்பு விண்ணப்பங்கள், பள்ளியின் ஆண்டு அறிக்கைகள், மாணவர்களின் வருகைச் சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் அதே கையெழுத்து. அதே சுழி, அதே வால், வாலுக்கு அடியில் அதே இரண்டு புள்ளி. “ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. எங்க, இந்தத் தாள்ல ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

மாஸ்டர் போட்டார். கோழி ஓடின தடம் மாதிரி ஒன்று விழுந்தது. கிளார்க் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுதான் சார் திருட்டுக் கையெழுத்து மாதிரி இருக்கு.”

அப்போதுதான் மாஸ்டருக்கு அது யார் கையெழுத்து என்று விளங்கியது. காகிதம் என்றாலே அவருக்கு அலர்ஜி. தபால் வந்தால், “இதெல்லாம் நீ பாரு.” சான்றிதழ் கட்டு வந்தால், “போட்டுடு.” ரோட்டில் நிற்கிறவனுக்குப் பேனா எதற்கு என்று அதிலும் ஒரு பெருமை. எட்டு வருடமாக அரசாங்கம் மாஸ்டர் என்று நம்பிக்கொண்டிருந்தது அவர் மனைவியின் மணிக்கட்டை.

“ஒண்ணு செய்யலாம்,” என்றார் கிளார்க், குரலைத் தாழ்த்தி. “இந்தக் கையெழுத்து உங்களுது இல்லன்னு புகார் குடுங்க. விசாரிப்பாங்க. அப்புறம் அந்தச் சான்றிதழ் எல்லாத்தையும் விசாரிப்பாங்க. எத்தனை பேரு? ரெண்டாயிரம்? அத்தனை பேரும் திரும்ப டெஸ்ட்டுக்கு வரணும். பள்ளிக்கூடம் பூட்டு.”

“இல்லன்னா?”

“உங்களுதுதான்னு ஒத்துக்கோங்க. வியாழக்கிழமை திருத்த வகுப்பு இருக்கு, ஒரு நாள். உட்கார்ந்து கேட்டா ஆறு புள்ளி கழியும். வெள்ளிக்கிழமை இங்க என் முன்னாடி கையெழுத்துப் போட்டுப் புதுப்பிச்சுக்கலாம். ஆனா சார்...” கிளார்க் அந்தக் கோழித் தடத்தை ஒரு விரலால் தள்ளினார். “ஃபைல்ல இருக்கற மாதிரி போடணும்.”

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் மேல் பறக்கிற ஆள் மாதிரியே இல்லை. மாஸ்டர் மூன்று படத்தின் நகலையும் துணிக்குவியலின் மேல் வைத்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“இதுல உங்க அக்கா நல்லா விழுந்திருக்காங்க,” என்றாள்.

“எப்பலேர்ந்து?”

“லைசென்ஸா? எட்டு வருஷமாச்சு.”

“யாரு கத்துக்குடுத்தா?”

அவள் ஒரு சட்டையின் கையை மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். “ஒத்தக்கை.”

மாஸ்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒத்தக்கை என்பவன் அவருடைய பழைய மாணவன். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிக்கிறான் என்று மாஸ்டரே வைத்த பெயர். ‘நீ உருப்படமாட்டே’ என்று வகுப்பிலேயே சொல்லி அனுப்பிய பையன், இரண்டு தெரு தள்ளிப் போட்டியாகப் பள்ளி திறந்து நன்றாகவே உருப்பட்டிருந்தான். வீட்டுக்காரி நகைச்சுவைக்கு அந்தக் காலத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவனும் அவன்தான்.

“எத்தனை நாள்ல?”

“பதினெட்டு நாள்.”

மாஸ்டர் அவளுக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்திருந்தார். காலி மைதானத்தில், வெயிலில், ‘கை வராது உனக்கு, இறங்கு’ என்று சொல்லி முடித்த மூன்று மாதம்.

“சரி, கத்துக்கிட்டே. ஓட்டினே. என் பேரை எதுக்குடி எழுதினே?”

“என் பேரை எழுதினா லைசென்ஸ் நம்பர் போடணும். அப்புறம் எல்லாக் கடுதாசியும் என் பேருக்கு வரும். உங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா என்ன? கொன்னுடுவேனா?”

“திரும்பக் கத்துக்குடுக்க ஆரம்பிச்சிடுவீங்க.”

மாஸ்டர் படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அவளே தொடர்ந்தாள். “உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே, காலியாத்தானே கிடக்குன்னு நெனச்சேன். மூணுதான் எழுதினேன். தப்புதான். வேணும்னா நாளைக்கே வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“எல்லாத்தையும் சொன்னா ரெண்டாயிரம் பேரு வாசல்ல வந்து நிப்பாங்க.”

அக்காவுக்குப் போன் போட்டார். பாதி கேட்பதற்குள் அக்கா எகிறினாள். “டேய், மூட்டு வலி டாக்டர்கிட்ட மாசாமாசம் என்னைக் கூட்டிட்டுப் போறது யாரு? நீயா? உன் வண்டியில ஏறினா டாக்டர் கடையைச் சாத்திட்டுப் போன பிறகுதானடா போய்ச் சேருவோம்!”

வேகம், புள்ளி, அக்கா எல்லாவற்றையும் மாஸ்டர் எப்படியோ விழுங்கிவிட்டார். விழுங்க முடியாதது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்ட, பக்கத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். “இது என்ன போர்டுங்க?” என்று கேட்பாள். அவர் கனைத்துக்கொண்டு விளக்குவார். “அப்படியா!” என்பாள். எட்டு வருடம். லைசென்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எட்டு வருடம் ‘அப்படியா’ சொல்லியிருக்கிறாள்.

“எதுக்குக் கேட்டே அதையெல்லாம்?” என்று அன்று சாயங்காலம் கேட்டார்.

“உங்களுக்குச் சொல்லப் பிடிக்குமே,” என்றாள் அவள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

திருத்த வகுப்பை நடத்தும் காண்ட்ராக்ட் யாருக்கு என்று மாஸ்டர் விசாரித்திருக்கவில்லை. விசாரித்திருந்தால் வேறு ஏதாவது ஊருக்குப் போயிருப்பார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கும் நடைபாதையில் ஏற்றியவர்களுக்கும் நடுவே அவர் உட்கார்ந்திருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு ஒத்தக்கை உள்ளே வந்தான். மாஸ்டரைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது.

ஓடி வந்து குனிந்தான். “மாஸ்டர்! நீங்க இங்கயா? இன்ஸ்பெக்‌ஷனா?”

“நான் மாணவன்,” என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஓட்டியது யார், விழுந்தது யார் பேரில் என்று அவன் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கு விழுந்ததை அவர் பார்த்தார். பாவி, சிரித்திருந்தாலாவது தேவலை. அவன் வருத்தப்பட்டான். பிறகு நாள் முழுக்க மரியாதையாகவே வகுப்பெடுத்தான். மாஸ்டரின் வார்த்தைகளிலேயே எடுத்தான். “ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சா அது உங்க பேச்சைக் கேக்காது. இதை எனக்குச் சொன்னவர் இந்த அறையிலயே இருக்கார்.” இருபது குற்றவாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் கைதட்டினான்.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். மறுநாள் கவுன்ட்டரில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் பள்ளி இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதனால் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

“நான் போடறதைப் பாருங்க,” என்று அவர் பெயரை ஒரே இழுப்பில் எழுதினாள். வளைவில் வேகம் குறைத்து, நேரில் நீட்டி, வாலில் திரும்பி, கடைசியில் டொக் டொக் என்று இரண்டு புள்ளி.

“அந்தப் புள்ளி எதுக்கு?”

“சும்மா. அழகா இருந்துச்சு.”

அவர் போட்டார். மேஜையில் தட்டினாள். “நிறுத்துங்க. தோளை இறுக்காதீங்க. பேனா மூக்கைப் பாக்காதீங்க, போகவேண்டிய இடத்தைப் பாருங்க.” மறுபடி போட்டார். “சுழிக்கு முன்னாடியே பிரேக் அடிக்கிறீங்க.” மறுபடி. “இப்ப எதுக்கு அவசரம்?”

இது அத்தனையும் அவருடைய வசனம். மைதானத்தில், வெயிலில், அவளிடம் சொன்னது. பழிவாங்குகிறாளா என்று முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை. சொல்லிக்கொடுப்பது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பி, அவள் மனப்பூர்வமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு பக்கம் நிறைந்தது. விரல் மரத்தது. தன் சொந்தப் பெயரை ஐம்பத்தாறாவது வயதில் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தார் மாஸ்டர். அவள் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

“ம்ஹூம். உங்களுக்கு இன்னும் கை வரல.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொரு பக்கம் கோடு போடு,” என்றார் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் எண் கவுன்ட்டர். கிளார்க் விண்ணப்பத்தைத் தள்ளினார். மாஸ்டர் தோளைத் தளர்த்தினார். போகவேண்டிய இடத்தைப் பார்த்தார். வளைவு, நேர், வால், டொக் டொக். கிளார்க் ஃபைலைப் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது மட்டும் கொஞ்சம் நடுங்குது.”

மாஸ்டர் பேனாவை மூடித் திறந்தார்.

“வயசாகுதுல்ல,” என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார் கிளார்க்.

வெளியே கார் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று காலையிலேயே சாவியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பழக்க தோஷத்தில் ஓட்டுநர் பக்கம் போய், நின்று, சுற்றிவந்து ஏறினார்.

“ஒத்துப்போச்சா?”

“போச்சு. இனிமே உன் கையெழுத்துதான் என் கையெழுத்து.”

அவள் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள். நன்றாகத்தான் எடுத்தாள். கியர் மாறியது தெரியவில்லை. பயிற்சிக் காரில் அவர் பக்கம் ஒரு பிரேக் உண்டு; இதில் இல்லை. இல்லாத பிரேக்கை அவர் கால் இரண்டு தடவை அமுக்கியது. கடைத்தெரு தாண்டி, பாலத்துக்கு முன்னால், அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு வழக்கமான குரலில் கேட்டாள்.

“இது என்ன போர்டுங்க?”

சமாதானத்துக்குத்தான் கேட்டாள். அவருக்குப் புரிந்தது. தொண்டை வரை கனைப்பு வந்தது. அதை அங்கேயே நிறுத்தினார்.

“நீயே சொல்லு.”

அவள் சொன்னாள். பாலத்தில் முந்தக் கூடாது, ஏன் கூடாது, எதிரே வருகிறவன் எத்தனை அடியில் தெரிவான், முந்தினால் எத்தனை புள்ளி, எல்லாம். அவர் சொல்கிற அதே வரிசையில், ஒரு சொல் விடாமல். தொடங்கும் முன் லேசாக அந்தக் கனைப்பு கூட.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்படியா,” என்றார்.