காலி டேபிளும் ஒரு கப் காபியும்

ஆபீஸில் என் நாத்தனார் என்னை 'மேடம்' என்பாள். நானும் அவளை 'மேடம்' என்றே கூப்பிட வேண்டும். காலையில் அரை மணி நேரம் குளியலறையைப் பூட்டிக்கொண்டு என் உயிரை வாங்கியவள், ஆபீஸ் லிஃப்டில் ஏறியதும் முன்பின் தெரியாதவள்போல் "குட் மார்னிங் மேடம்" என்று சிரிப்பாள். அண்ணி சிபாரிசில் வந்தவள் என்று யாரும் வாய்க்கு வந்தபடி பேசிவிடக் கூடாதாம். ரோஷக்காரி. வீட்டுக்கு வந்தால் என் கணவரின் சட்டம்: ஆபீஸ் பேச்சு வாசலோடு சரி. ஆக, நாங்கள் இருவரும் வேலை விஷயம் பேச இந்தப் பூமியில் இடமே கிடையாது.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. அவள் அதன்மேல் ஓடும் ப்ரோகிராம்களை எழுதுகிறவள். ஆஸ்பத்திரிகள் கேட்டதும் நோயாளியின் விவரத்தைத் தேடிக் காட்டும் திரை ஒன்றை, மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு புதிதாக எழுதியிருந்தாள். சோதனையில் பறந்தது. ஒரு நாள் காலை அதை நிஜ உபயோகத்தில் இறக்கினார்கள். அசையவே இல்லை. ஆஸ்பத்திரி கவுண்டர்களிலிருந்து போன்மேல் போன்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. எல்லோரையும் அறைக்குள் கூட்டினார்.

"மதியத்துக்குள்ள சரியாகலைன்னா பழைய ப்ரோகிராமையே போட்டுடுங்க. ப்ராஜெக்ட் வேற டீமுக்குப் போகட்டும். தப்பு ப்ரோகிராம்லயா, டேட்டாபேஸ்லயா? யாராவது வாயைத் திறங்க!"

நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அண்ணியா? யாரு யாருக்கு அண்ணி?" என்றார் அவசரம்.

வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற வார்த்தைதான். 'அண்ணி, என் சார்ஜர் எங்க', 'அண்ணி, ஃபேனைப் போடுங்க'. அன்றைக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. அவள் தோற்றால் நான் தாங்க மாட்டேன் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

"எனக்குத்தான் சார் இவ நாத்தனார்" என்று எழுந்தேன். "மதியம் வரைக்கும் நேரம் இருக்குல்ல? நீ வாடி."

என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேடுவதற்கு எந்த வழியில் போவது என்பதை டேட்டாபேஸ் தானே முடிவு செய்துகொள்ளும். விவரங்களை அடுக்கி வைத்திருக்கும் டேபிளில் எத்தனை ரெக்கார்டு இருக்கிறது என்று முன்பே எண்ணி வைத்த புள்ளிவிவரத்தை நம்பித்தான் முடிவு செய்யும். நிறைய இருந்தால் இண்டெக்ஸைப் புரட்டி நேராக இடத்துக்குப் போகும். ஒன்றுமே இல்லை என்று நினைத்தால், இதற்கு எதற்கு இண்டெக்ஸ் என்று முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகும்.

"இந்த டேபிள்ல எவ்வளவு இருக்கும்?"

"லட்சக்கணக்குல இருக்கு அண்ணி."

"டேட்டாபேஸ் சைபர்னு நினைச்சுட்டு இருக்கு, பாரு."

எட்டிப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ! போன வாரத்துலேர்ந்து விடியக்காலையில அதைக் காலி பண்ணிட்டுத் திரும்ப நிரப்பறோம்."

"காலியா இருக்கிற அந்த நேரத்துல, தினமும் தானா ஓடுற என் எண்ணிக்கை ஜாப் வந்து எண்ணிட்டுப் போயிருக்கு. உன் ப்ரோகிராமும் அதை நம்பியே கிளம்பியிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"எங்க சொல்றது? இங்க நீங்க மேடம். வீட்டுல அண்ணன் சட்டம்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். டேபிள் நிரம்பியிருக்கும்போதே மறுபடி எண்ண வைத்தேன். என் ஜாபை, நிரப்பி முடித்த பிறகு ஓடும்படி தள்ளி வைத்தேன். ப்ரோகிராமைத் திரும்ப பைண்ட் செய்து, பழைய வழியை மறந்து புது வழி எடுக்கச் சொன்னேன். திரை பொசுக்கென்று வந்து நின்றது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மதியத்துக்கு முன்பே போன்கள் அடங்கின.

"கடைசியில யார் தப்பு?" என்று விடாமல் கேட்டார் அவசரம்.

"குடும்ப விஷயம் சார், வீட்டுல பேசிக்கறோம்" என்றாள் நாத்தனார்.

சாயங்காலம் சமையலறைக்கு வந்து மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் டப்பா மாறிப்போய் காபியில் உப்பைப் போட்டுவிட்டேன். முதல் கப்பைக் குடித்தவள் இவள்தான். அன்றிலிருந்து என் கையால் காபி குடித்ததே இல்லை.

"அண்ணி, எனக்கும் ஒரு காபி போடுங்க. உங்க புள்ளிவிவரம் ரொம்பப் பழசாயிடுச்சு, புதுசா எடுக்கணும்."

"ஏய், ஆபீஸ் பேச்சு கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்று கூடத்திலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.

"நீ சும்மா இரு அண்ணா! எல்லாம் உன்னால வந்ததுதான்!"

டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை நக்கிப் பார்த்துவிட்டே சர்க்கரை போட்டேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"பழைய புள்ளிவிவரமே சரிதான் அண்ணி" என்று சொல்லிவிட்டு, சொட்டு விடாமல் காலி செய்து, கப்பை மறுபடி நீட்டினாள்.